அருவித் தவளை ஏன் கால் நீட்டுகிறது

மிருகமும் பறவையும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையின் மடிப்பு ஒன்றில் ஓர் ஓடை இருந்தது. இப்போது அதன் பக்கத்தில் போய் நின்றால் காது அடைத்துவிடும். அப்போது அப்படி இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி, கூழாங்கற்களின் மேல் சத்தமில்லாமல் நடந்து போகும்.

அந்த ஓடையின் இரண்டு கரையிலும், நடுவில் இருந்த பாறைகளிலும் தவளைகள் குடியிருந்தன. விரல்நீளம்கூட இருக்காது. உடம்பு பாறை நிறம். பின்னங்கால் விரல்களுக்கு நடுவில் இருக்கும் தோல் மட்டும் பால் மாதிரி வெள்ளை. ஆனால் அந்த வெள்ளையை யாரும் பார்த்ததில்லை. காலை மடக்கி உட்காருவதுதான் அவர்களிடத்தில் மரியாதை. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டினால், "வளர்த்த லட்சணம் இதுதானா?" என்று தாயைக் கேட்பார்கள். முட்டை இடும் சமயத்தில் பெண்கள் தண்ணீருக்குள் நின்று பின்னங்காலால் மணலைத் தோண்டிப் பள்ளம் பறிப்பார்கள். அப்போதுகூட ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுதான் தோண்டுவார்கள்.

காலுக்கு இல்லாத கௌரவமெல்லாம் குரலுக்கு இருந்தது. அந்த ஊர்த் தலைவர் பெயரே தொண்டையார். அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு 'கொர்ர்ர்' கொடுத்தால் மூன்று வளைவு தாண்டிக் கேட்கும். "சாமி நமக்குக் காலைக் கொடுத்தது குதிக்க, குரலைக் கொடுத்தது வாழ" என்பார் அவர்.

அந்த ஊரில் கூழாங்கண்ணி என்று ஒரு தாய் இருந்தாள். அவள் புருஷன் பாசியப்பன். ஒரே மகன் நீர்முத்து, கல்யாணம் முடிந்து, மனைவி ஈரமணியோடும் பிள்ளைகளோடும் ஓடையின் அக்கரைப் பாறையில் இருந்தான். தினமும் பொழுது சாய்வதற்கு முன் கூழாங்கண்ணி இக்கரையில் இருந்தபடியே கேட்பாள்: "ஏம்ப்பா, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. நீங்க?"

"அப்பாவுக்கு ஒரு ஈசல் கிடைச்சுது. எனக்கு என்ன, கொசு போதும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதைக் கேட்காமல் அவளுக்குக் கண் மூடாது.

அந்த ஊரில் காவல்முறை என்று ஒன்று உண்டு. ஓடையின் மேல்கோடியில் இருக்கும் பாறையில் தினம் ஒரு வீட்டுக்காரர் போய் உட்கார வேண்டும். தெளிந்து வரும் தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மலைக்கு மேலே பெருமழை என்று அர்த்தம். உடனே காவல்காரர் குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டவர் அடுத்த பாறைக்குக் கொடுப்பார். இரண்டு கரையிலும் நாவல் மரங்கள் வேர் விட்டு நின்றன. வெள்ளம் வந்து சேர்வதற்குள் பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் அந்த மேட்டுவேர்களில் ஏறிவிடுவார்கள். எத்தனையோ மழைக்காலம் அப்படித்தான் பிழைத்து வந்தார்கள்.

ஒரு வருஷம் மழை விடாமல் பதினோரு நாள் பெய்தது. பன்னிரண்டாம் நாள் மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. யானை அளவுக்கு ஒரு கல் உருண்டு வந்து, காவல் பாறைக்குக் கீழே, ஓடைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. ஓடை அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் தலைகுப்புற விழ ஆரம்பித்தது. அன்றைக்கு அருவி பிறந்தது. அதோடு அந்த இரைச்சலும் பிறந்தது.

முதல் சில நாள் தவளைகள் சிரித்தார்கள். அப்புறம் கத்தினார்கள். ஒருத்தி கத்தினால் அதை அமுக்கிப் பக்கத்து வீட்டுக்காரி கத்த வேண்டியிருந்தது. அவளை அமுக்க அடுத்தவள். ஆக மொத்தம் அருவியும் கத்தியது, ஊரும் கத்தியது, ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. கத்திப் பேசினால் கோபம் இல்லாமலே கோபம் மாதிரி முகம் மாறிவிடும் அல்லவா? புருஷன் பெண்டாட்டிக்குள் வீண் சண்டை வந்தது. கூழாங்கண்ணி அக்கரையைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று தொண்டை கிழியக் கேட்டாள். மகன் வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது.

தொண்டையார் கூட்டம் போட்டார். எல்லாரும் அவருக்கு ஒட்டி உட்கார்ந்தால்தான் அவர் பேசுவதே கேட்டது.

"பயிற்சி பத்தல. அடிவயித்துல இருந்து கொடுக்கணும். என் குரலைப் பாருங்க!" என்று ஒன்று கொடுத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்களும், கேட்காமலே தலையாட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் பாசியப்பனுக்குக் காவல்முறை வந்தது. அன்றைக்குத்தான் தண்ணீர் சிவந்தது. அவர் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கீழே ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. வெள்ளம் வந்து பாறைகளைத் துடைத்துவிட்டுப் போனது. பெரியவர்கள் எப்படியோ தொற்றிக்கொண்டார்கள். சேம்பி என்பவளின் ஐந்து பிள்ளைகள் போய்விட்டன.

பாசியப்பன் கீழே இறங்கி வந்தபோது அவரிடம் குரல் இல்லை. தொண்டைப் பை வெளிறித் தொங்கியது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

சேம்பி அவர் முன்னால் வந்து நின்றாள். "உறங்கிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஊர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டது.

"கூப்பிட்டிருந்தா எங்களுக்குக் கேட்டிருக்குமே" என்றார் தொண்டையார்.

கூழாங்கண்ணி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசியவள் இல்லை. "அவர் கூப்பிட்டார். தொண்டையைப் பாருங்க. நமக்குத்தான் கேக்கல. அடுத்த வெள்ளத்துக்கும் கேக்காது. அதுக்கு என்ன செய்யப்போறோம்?"

கூட்டம் அவரவர் பாறைக்குக் கலைந்து போனது.

அதற்குப் பிறகு பாசியப்பன் வெளியே போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் இரண்டு பேர் மட்டும். ஒருவருக்குக் குரல் இல்லை. இன்னொருத்திக்குக் குரல் இருந்தும் அருவிச் சத்தத்தில் உபயோகம் இல்லை. ஆனாலும் குடும்பம் நடந்தது. பூச்சி வந்தால் அவர் தலையைச் சாய்ப்பார். பாம்பு வந்தால் கல்லோடு ஒட்டிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் அவள் தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தபோது, அவளுக்குப் பின்னால் ஒரு மீன்கொத்தி கிளையில் வந்து உட்கார்ந்தது. அவள் பார்க்கவில்லை. பாசியப்பன் வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பதறிப்போய், மரியாதை எல்லாம் மறந்து, பின்னங்காலை நீளமாக அவளைப் பார்த்து நீட்டிவிட்டார். கறுத்த பாறைக்கு முன்னால் வெள்ளைத் தோல் விசிறி மாதிரி விரிந்தது. கூழாங்கண்ணியின் கண் அந்தப் பக்கம் போனது. என்னவோ என்று முங்கினாள். மீன்கொத்தி வெறும் தண்ணீரைக் கொத்திவிட்டுப் போனது.

அவள் மேலே வந்தபோது பாசியப்பன் காலை மடக்கிக்கொண்டு வெட்கத்தில் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியாக இருந்தாலும் காலைக் காட்டலாமா?

"ஏங்க" என்றாள் கூழாங்கண்ணி அவர் காதோரமாக. "இன்னொரு தடவை நீட்டுங்க."

மறுநாளிலிருந்து அவள் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தாள். காலை வெடுக்கென்று உதறினால் தண்ணீர் தெறித்தது மாதிரித்தான் தெரிகிறது. மெதுவாக நீட்டி, விரலை நன்றாக விரித்து, மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம் அப்படியே நிறுத்தினால்தான் தெளிவாகத் தெரிகிறது. ஒரு தடவை போதாது. மூன்று தடவை ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

ஆனால் எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்தால்தானே கால் தெரியும்? அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால்? அதற்கு ஒரு வாரம் யோசித்தாள். அடிவயிற்றுக் குரலை அருவி விழுங்கிவிடுகிறது. அருவியின் குரலும் அதே அடிக்குரல்தான். அவள் தொண்டையைச் சுருக்கி, மூக்குக்கு மேலே ஏற்றி, சின்னதாக 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் போட்டுப் பார்த்தாள். கேட்கவே அசிங்கமாக, வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. ஆனால் அக்கரையில் மருமகள் ஈரமணி தலையைத் திருப்பினாள்!

கூழாங்கண்ணி உடனே அவளைப் பார்த்துக் காலை நீட்டினாள். பாவம், ஈரமணி திடுக்கிட்டுப் போனாள். நான்கு கல் தாண்டி, நனைந்து, மூச்சு வாங்க இக்கரைக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, நான் என்ன தப்பு பண்ணினேன்? என்னைப் பார்த்துக் காலை நீட்டுறீங்களே!"

"ஒரு தப்பும் இல்லம்மா. நான் கூப்பிட்டேன், நீ வந்துட்ட பாரு. இந்த அருவி பிறந்த நாள்ல இருந்து இதுதான் முதல் தடவை."

ஈரமணி அத்தையின் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "விரலை எப்படி விரிக்கணும் அத்தை?"

ஆனால் மகன் வேறு மாதிரி. விஷயம் தெரிந்ததும் நீர்முத்து ஓடி வந்தான். "அம்மா, ஊரே சிரிக்குது. அப்பா தூங்கிட்டாருன்னு ஒரு பேச்சு. இப்போ அம்மா காலை ஆட்டுறாங்கன்னு ஒரு பேச்சு. நான் எங்கே போய் முகத்தைக் காட்டுறது?"

"உன் பிள்ளைகள் முகத்தை அடுத்த மழைக்குப் பிறகும் நான் பார்க்கணும்ப்பா. அதுக்காக என் முகம் போனா போகட்டும்."

அவள் ஊர்க்கூட்டத்தில் தொண்டையாரிடமே போய்ச் சொன்னாள். காவல் பாறையில் இருந்து முதலில் சின்னக் குரல், பிறகு மூன்று முறை கால். பார்த்தவர் அடுத்தவருக்கு அதே மாதிரி. அவள் முடிக்கும்வரைகூட அவர் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் உட்கார்ந்திருக்கிற பாறையைப் பார்த்து நீ காலை நீட்டுவ. நான் அதைப் பார்த்துட்டு வரிசையா எல்லாருக்கும் காலை நீட்டணும். அப்படித்தானே? வெள்ளத்துல போறதே மேல்!"

கூட்டம் சிரித்தது. வழுக்குப் பாறைக் கிழவர் ஒருவர், "பாசியப்பனுக்கு வாய்தான் போச்சு, வீட்டம்மாவுக்கு மரியாதையும் போச்சா?" என்றார். சேம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு கூழாங்கண்ணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி பாசியப்பன் வீட்டு முறை வந்தது. குரல் இல்லாதவருக்குக் காவல் எதற்கு என்றார்கள். "வீட்டு முறைதானே, நான் போறேன்" என்று கூழாங்கண்ணி கிளம்பிவிட்டாள். காவல் பாறைக்குப் பக்கத்தில் எப்போதும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல் உண்டு. அதைத்தான் அவர்கள் சாமி என்று கும்பிடுவார்கள். அவள் அதன் முன்னால் காலை ஒடுக்கி உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள்.

"சாமி, வெள்ளமே வரக் கூடாதுன்னு நான் கேட்க மாட்டேன். தண்ணி வந்தாத்தான் எங்களுக்குப் பிழைப்பு. நான் சொல்றது அவங்களுக்குப் போய்ச் சேரணும். அது போதும்."

மத்தியானம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலேயே தண்ணீர் சிவந்தது. முதலில் ஒரு சருகு வந்தது. பிறகு சுள்ளிகள். பிறகு வேரோடு ஒரு செடி.

முறைப்படி அவள் முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். அருவி அதை அப்படியே விழுங்கியது. கீழே நீர்முத்து பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் தண்ணீர் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

அவள் பயத்தில் மறுபடி பெரிய குரலுக்குப் போகவில்லை. தொண்டையைச் சுருக்கினாள். டிக், டிக், டிக். நிறுத்தினாள். டிக், டிக், டிக்.

முதலில் தலையைத் தூக்கியது யார் என்கிறீர்கள்? அருவிக்கு நேர் கீழே, பெரிய பாறையில் உட்கார்ந்திருந்த தொண்டையார்தான்.

அவளுக்கு ஒரு கணம் உடம்பு கூசியது. ஊர்த் தலைவர். அவள் அப்பா வயசு. அவருக்கு நேராக, இடது பின்னங்காலை மெதுவாக நீட்டினாள். விரலை விரித்தாள். வெயிலில் அந்த வெள்ளை பளீரென்றது. மூச்சை இழுத்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள்.

தொண்டையாருக்கு வந்த கோபத்தில் தொண்டைப் பை தலையைவிடப் பெரிதாகிவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் என்ன வைதார் என்று அவருக்கே கேட்டிருக்காது. அவள் காலை மடக்கி, அதே காலால் பாறையைத் தட்டி, 'மன்னிச்சுக்கோங்க' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மறுபடியும் நீட்டினாள். அவர் எழுந்தார். அவளை நேரில் வந்து கேட்டே தீர வேண்டும் என்று, யானைக்கல்லின் ஓரமாகப் பிடித்துப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினார்.

அவர் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் எழுந்து போன இடத்துக்குப் பின்னால் ஈரமணி இருந்தாள். அவள் மூன்றாவது நீட்டலைப் பார்த்துவிட்டாள்.

ஈரமணி திரும்பினாள். கீழ்ப்பாறையில் அவளைப் பெற்ற அப்பாவும், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிக், டிக் என்றாள். தலைகள் நிமிர்ந்தன. அத்தனை பேரையும் பார்த்து அவள் காலை நீட்டினாள். நிதானமாக, விரல் விரித்து, மூன்று முறை.

நீர்முத்து வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மேலே அம்மா நின்றிருந்தாள். அவளைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. முட்டி நனைந்துகொண்டிருக்க, அவள் காலை நீட்டியபடியே நின்றாள். ஓடிப்போகவில்லை. அவன் பார்க்கும்வரை அவள் போக மாட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது.

அவன் எழுந்து, அம்மாவைப் பார்த்து, ஒரு தடவை காலை நீட்டினான். பார்த்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லை. பிறகு எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பி, சேம்பிக்கு நீட்டினான். சேம்பி அதற்கே காத்திருந்தவள் மாதிரி, பிள்ளைகளை வேருக்கு மேல் உந்திவிட்டு, அடுத்த பாறைக்கு நீட்டினாள். பாறைக்குப் பாறை, வளைவுக்கு வளைவு, வெள்ளை விசிறிகள் ஒன்றன் பின் ஒன்றாக விரிந்துகொண்டே போயின. பார்த்தவர்கள் எல்லாரும் வேர்களில் ஏறினார்கள். காலைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள்கூட, ஏறிவிட்டுத்தான் கோபப்பட்டார்கள்.

வெள்ளம் வந்தது. தொண்டையார் உட்கார்ந்திருந்த பெரிய பாறை முதல் அடியிலேயே புரண்டது. அவர் அப்போது யானைக்கல்லின் ஓரமாகக் கரைமேட்டுக்கு வந்து, "யாரைப் பார்த்துக் காலை நீட்டுற?" என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார். திரும்பிக் கீழே பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை. அவளைத் திட்ட வந்த கோபம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

கூழாங்கண்ணி நின்ற பாறைக்கும் தண்ணீர் ஏறியது. அவள் கடைசி ஆளும் வேருக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் குதித்தாள். பாதித் தூரம்தான் போக முடிந்தது. தண்ணீர் அவளைச் சுழற்றி அடித்தது. ஒரு வேரில் அவள் இடது கால் மாட்டிக்கொண்டது. விரலிடைத் தோல் கிழிந்தது. ஆனால் அந்த மாட்டல்தான் அவளை இழுத்து நிறுத்தியது. குரலில்லாத பாசியப்பன் வேர் வேராக இறங்கி வந்து அவளை மேலே இழுத்துப் போட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஊர் கூடியது. சேம்பி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து பாசியப்பனுக்கு எதிரில் நின்றாள். அவர் தொங்கிப்போன தொண்டையைப் பார்த்தாள். "நீங்க கூப்பிட்டிருக்கீங்க அண்ணே" என்றாள். அருவி இரைச்சலில் அது கேட்டதோ என்னவோ, அவள் உதட்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிறிய தொண்டைப் பை ஒரு தடவை ஏறி இறங்கியது.

தொண்டையார் கடைசியாக வந்தார். கூட்டம் அவரைப் பார்த்து ஒதுங்கியது. கூழாங்கண்ணி தன் கிழிந்த காலை மடக்கப் பார்த்தாள், வலியில் மடங்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூன்று வளைவு தாண்டிக் கேட்ட குரல், மூன்று கல் தாண்டிக்கூட வரவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் சுருக்கி, வெட்டுக்கிளி மாதிரி, 'டிக்' என்றார். பாறையை ஒரு முறை காலால் தட்டினார். அந்த வயசான காலை, பழக்கம் இல்லாமல் நடுங்க நடுங்க, கூழாங்கண்ணியைப் பார்த்து முழுசாக நீட்டினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கூழாங்கண்ணி தன் கிழிந்த காலை மெதுவாக உயர்த்தி அவருக்குப் பதில் சொன்னாள்.

அருவிக்கரைத் தவளை சின்னக் குரல் ஒன்று கொடுத்து, பாறையைத் தட்டிவிட்டு, பின்னங்காலின் வெள்ளையை விரித்து நிதானமாக நீட்டிக் காட்டத் தொடங்கியது அன்று முதல்தான். எதிரில் இருப்பவர் திரும்பப் பார்த்துக் கால் நீட்டும்வரை, அது அங்கிருந்து நகர்வதே இல்லை.